பயனியர் புலேவார்டிலிருந்து ஆறாவது தெரு வரை: தென் கலிபோர்னியத் தமிழ்ச் சொந்தங்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள தமிழ்ச் சொந்தங்களுக்கு,

செரிட்டோஸ், ஆர்ட்டீசியா, நார்வாக், லேக்வுட் பக்கம் குடியிருப்பவர்களுக்கும், அனாஹைம், அர்வைன் என்று தள்ளி இருந்தாலும் மளிகைக்கு ஆர்ட்டீசியா வருகிறவர்களுக்கும் இந்த மடல். நம் கடைத்தெருவுக்கு ரயில் வரப்போகிறது. அதைப் பற்றி நாம் பேச வேண்டியது ஒன்று இருக்கிறது. அதற்கு முன்னால் ஒரு பழைய கட்டடத்தின் கதையைச் சொல்லிவிடுகிறேன்.

ஆர்ட்டீசியாவின் பயனியர் புலேவார்டில் 183-வது தெருவுக்கும் 188-வது தெருவுக்கும் நடுவே வண்டி நிறுத்த இடம் தேடிச் சுற்றாதவர் நம்மில் யாரும் இருக்க மாட்டார்கள். போன வருஷம் ஊரிலிருந்து அம்மா வந்திருந்தபோது அப்படிச் சுற்றிச் சுற்றி, கடைசியில் தெற்கு முனையில் ஒரு இடம் கிடைத்தது. கடைக்குப் போய்த் திரும்பி வந்தோம். கறிவேப்பிலையும் சின்ன வெங்காயமும் இருந்த பையைக் காரில் வைத்துவிட்டுப் பார்த்தால் அம்மா வண்டியில் ஏறவில்லை. வேலிக்கு அந்தப் பக்கம் இருந்த காலி நிலத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். காய்ந்த புல்லும் மண்ணுமாக ஒரு பட்டை நிலம், வடமேற்கிலிருந்து தென்கிழக்காக ஊரைக் குறுக்கே கிழித்துக்கொண்டு போகிறது.

"தெருவெல்லாம் கட்டம் போட்ட மாதிரி நேரா போகுது. இது மட்டும் ஏண்டி கோணலா போகுது? ரயில் போன பாதை மாதிரி இருக்கே" என்றாள்.

அம்மா தாம்பரத்திலிருந்து பீச் ஸ்டேஷனுக்கு எலெக்ட்ரிக் ட்ரெயினில் போய் முப்பது வருஷம் வேலை பார்த்தவள். 1931-லேயே மின்சாரம் வந்துவிட்ட பாதை அது. தண்டவாளம் போன நிலத்தை அவள் கண் சட்டென்று கண்டுபிடித்துவிட்டது. நானோ எத்தனையோ வருஷமாக அந்த நிலத்தைத் தாண்டிப் போய் வந்தும் ஒரு தடவை கூட நின்று பார்த்ததில்லை. அதைவிட மோசம், ஊரிலிருந்து யார் வந்தாலும் "இந்த ஊர்ல ரயிலே கிடையாது, எப்பவும் காருக்காகவே கட்டின ஊரு" என்று சொல்லிக்கொண்டிருந்தவள் நான். அது முழுத் தவறு.

அந்தக் கோணல் நிலத்தின் பெயர் வெஸ்ட் சான்டா ஆனா கிளை. பசிஃபிக் எலெக்ட்ரிக் ரயில்வே என்ற கம்பெனி 1905-ல் அதைப் போட்டு முடித்தது. வாட்ஸ் சந்திப்பில் லாங் பீச் போகும் பெரிய பாதையிலிருந்து பிரிந்து, பாராமவுண்ட், பெல்ஃப்ளவர், ஆர்ட்டீசியா, சைப்ரஸ், ஸ்டான்டன், கார்டன் குரோவ் வழியாக சான்டா ஆனா வரை போயிற்று. அதில் ஓடியவை சிவப்புச் சாயம் அடித்த மின்சார வண்டிகள். ரெட் கார் என்றுதான் ஊரே சொன்னது. அப்போது இந்தப் பக்கமெல்லாம் பண்ணை நிலமும் மாட்டுத் தொழுவமும். செரிட்டோஸ் என்ற பெயரே 1967-ல் வந்தது. அதற்கு முன் அந்த ஊருக்கு டெய்ரி வேலி என்று பெயர். அந்தக் காலத்தில் நம் ஆட்கள் யாராவது இங்கே வந்திருந்தால் ரயிலில் போயிருக்கலாம், ஆனால் பாதையோரத்து விளைநிலத்தில் ஒரு ஏக்கர் கூட வாங்கியிருக்க முடியாது. குடியுரிமை பெறத் தகுதியில்லாத வெளிநாட்டார் விவசாய நிலம் வாங்கக் கூடாது என்று 1913-லேயே கலிபோர்னியா சட்டம் போட்டிருந்தது. இந்தியர்களுக்கு அந்தத் தகுதி இல்லை என்று 1923-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது.

சரி, ஆர்ட்டீசியாவில் சிவப்பு வண்டி ஏறியவர் எங்கே போய் இறங்கினார்? லாஸ் ஏஞ்சலஸ் டவுன்டவுனில் ஆறாவது தெருவும் மெயின் தெருவும் சந்திக்கும் மூலையில், பசிஃபிக் எலெக்ட்ரிக் கட்டடத்துக்குள். "கட்டடத்துக்குள்" என்பதை அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள். மெயின் தெருவிலிருந்து தண்டவாளம் வளைந்து கட்டடத்தின் தரைத்தளத்துக்குள்ளேயே நுழைந்தது. மேலே ஆபீஸ், கீழே ரயில்.

அதைக் கட்டியவர் ஹென்றி ஹன்டிங்டன். சதர்ன் பசிஃபிக் ரயில்வேயின் பெரிய முதலாளிகளில் ஒருவரான காலிஸ் ஹன்டிங்டனுக்கு அண்ணன் மகன். 1901-ல் பசிஃபிக் எலெக்ட்ரிக் கம்பெனியைத் தொடங்கி, அடுத்த வருஷமே ஜூலை 4-ந்தேதி லாங் பீச் வரை வண்டி விட்டார். பாசடீனா, சான் பெட்ரோ, நியூபோர்ட், சான்டா ஆனா என்று பாதைகள் கிளை விட்டுக்கொண்டே போயின. கடைசியில் கிழக்கே சான் பெர்னார்டினோ, ரெட்லாண்ட்ஸ் வரைக்கும் எட்டின. உச்சத்தில் இந்தக் கம்பெனியிடம் இருந்த தண்டவாளம் ஆயிரம் மைலுக்கு மேல். உலகத்திலேயே பெரிய மின்சார ரயில்வே என்று கம்பெனி தன்னைச் சொல்லிக்கொண்டது.

ஆனால் டிக்கெட் காசில் லாபம் பார்க்க ஹன்டிங்டன் இதைச் செய்யவில்லை. அவருக்கு நிலம் விற்கும் கம்பெனியும் இருந்தது. பாதை போகும் இடத்தை முன்னாலேயே மலிவாக வாங்கிப் போடுவது, ரயில் விடுவது, பிறகு மனை போட்டு விற்பது. நம்மூர்ப் பக்கம் பஸ் ஸ்டாண்ட் வரப்போகிறது என்று தெரிந்தால் மனை விலை ஏறுமே, அதே கணக்குதான், ஒரு மாகாண அளவுக்கு. ஹன்டிங்டன் பீச்சுக்கு அவர் பெயர் வந்தது இப்படித்தான். இந்தக் கணக்கை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். மனையெல்லாம் விற்றுத் தீர்ந்தபின் ரயிலை யார் காப்பாற்றுவது என்ற கேள்வி இதற்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறது.

முனையக் கட்டடத்தின் வேலை 1903-ல் ஆரம்பித்து 1905-ல் முடிந்தது. வடிவமைத்தவர் தார்ன்டன் ஃபிட்ஸ்ஹ்யூ. லாஸ் ஏஞ்சலஸின் முதல் வானளாவிகளில் அதுவும் ஒன்று. மேல் மாடிகளில் ஜானதன் கிளப், ஊரின் பணக்காரர்கள் கூடும் இடம். அதன் கீழே கம்பெனியின் ஆபீஸ்கள். தரைத்தளத்தில் காத்திருக்கும் கூடமும் டிக்கெட் கவுண்டரும். 1908-ல் கீழே கோல்ஸ் என்ற சாப்பாட்டுக் கடை வந்தது. இறைச்சியின் சாற்றில் ரொட்டியைத் தோய்த்துத் தரும் ஃப்ரெஞ்ச் டிப் சாண்ட்விச் எங்களிடம்தான் பிறந்தது என்று அந்தக் கடை சொல்லிவந்தது. சைனாடவுன் பக்கத்து ஃபிலிப்ஸ் கடைக்காரர்களோ, "இல்லை, எங்களிடம்தான்" என்பார்கள்.

இந்தக் கட்டடத்தின் கதையை முதலாளியோடு நிறுத்திவிட எனக்கு மனம் வரவில்லை. கட்டடம் எழும்பத் தொடங்கிய அதே 1903-ல், ஏப்ரல் மாதம், மெயின் தெருவில் தண்டவாளம் போட்டுக்கொண்டிருந்த நூற்றுக்கணக்கான மெக்சிகோக்காரக் கூலியாட்கள் வேலையை நிறுத்தினார்கள். மணிக்கு 17.5 சென்ட் கூலி. 20 சென்டாக ஆக்கு என்று கேட்டார்கள். ஊர்த் திருவிழா நெருங்கிக்கொண்டிருந்தது. அதற்குள் பாதையை முடித்தாக வேண்டிய நெருக்கடி கம்பெனிக்கு. ஹன்டிங்டன் இறங்கி வரவில்லை, வேறு ஆட்களைக் கொண்டுவந்து வேலையை ஓட்டினார். அப்போது மெக்சிகோக் குடும்பத்துப் பெண்கள் திரண்டு மெயின் தெருவுக்கு வந்து, வேலை செய்துகொண்டிருந்தவர்கள் கையிலிருந்த மண்வெட்டியையும் கடப்பாரையையும் பிடுங்கினார்கள். போராட்டம் தோற்றது. ஆனால் தெரு நடுவே கடப்பாரையைப் பிடித்து இழுத்துக்கொண்டு நிற்கும் அந்தப் பெண்களை நினைக்காமல் என்னால் இப்போது அந்த மூலையைத் தாண்ட முடியவில்லை.

இனி நான் சொல்ல வந்த விஷயத்துக்கு வருகிறேன். அந்த முனையம் ஊரின் நெஞ்சிலேயே இருந்தது. இறங்கினால் கடை, ஆபீஸ், கோர்ட், தியேட்டர் எல்லாம் நடக்கும் தூரம். ஆர்ட்டீசியாவில் ஏறி உட்கார்ந்தால் இடையில் வண்டி மாறாமல் நேரே அங்கேதான். அதுதான் அதன் பலம். அங்கே போய்ச் சேரும் வழிதான் அதன் நோய். ஊருக்கு வெளியே தனக்கென்று இருந்த பாதையில் வேகமாக வரும் வண்டி, டவுன்டவுனுக்குள் நுழைந்ததும் தெருவில் இறங்கிவிடும். அங்கே குதிரை வண்டி, காய்கறி வண்டி, உள்ளூர் மஞ்சள் டிராம், பிறகு கார். எல்லாவற்றோடும் அதுவும் ஒன்றாக ஊர்ந்து வர வேண்டும். கூட்டம் ஏறும் மாலை நேரத்தில் மெயின் தெருவில் சிவப்பு வண்டிகள் ஒன்றன்பின் ஒன்றாக நிற்கும்.

1911-ல் பசிஃபிக் எலெக்ட்ரிக் முழுவதையும் சதர்ன் பசிஃபிக் எடுத்துக்கொண்டது. ஹன்டிங்டன் கையில் மஞ்சள் டிராம் கம்பெனி மட்டும் மிஞ்சியது. நெரிசலைக் குறைக்க 1916-ல் கட்டடத்தின் பின்பக்கம் மேம்பாலம் போட்டார்கள். தெற்கிலிருந்தும் கிழக்கிலிருந்தும் வரும் வண்டிகள் சான் பெட்ரோ தெருவிலிருந்து அந்தப் பாலத்தில் ஏறி, மெயின் தெருவைத் தொடாமல் பின்வழியாக முனையத்துக்குள் வந்தன. நல்ல வேலை, ஆனால் பாதி வேலை. பாலம் சான் பெட்ரோ தெருவோடு முடிந்தது. அதற்கு அப்பால் மறுபடியும் தெருதான்.

கார்கள் பெருகிய வேகத்தைப் பார்த்து நகரசபையே ஒரு முறை பயந்தது. 1920 ஏப்ரலில் டவுன்டவுனில் பகல் நேரத்தில் கார் நிறுத்தவே தடை போட்டார்கள், டிராம் நகர வேண்டும் என்பதற்காக. கடைக்காரர்கள் கூச்சல் போட்டார்கள். கார்க்காரர்கள் ஊர்வலம் விட்டார்கள், ஒரு சினிமா நடிகை முன்னால் வர. சில வாரங்களில் தடையைத் தளர்த்திவிட்டார்கள். தெருவில் யாருக்கு முதல் உரிமை என்ற வழக்கில் தீர்ப்பு அன்றைக்கே எழுதப்பட்டுவிட்டதாகத்தான் எனக்குத் தோன்றுகிறது.

மேற்குப் பக்கத்துக்கு மட்டும் ஒரு விடிவு வந்தது. மாநில ரயில்வே ஆணையத்தின் நெருக்குதலில் ஹாலிவுட், சான்டா மோனிகா, க்ளெண்டேல் பக்கத்து வண்டிகளுக்காக மலைக்கு அடியில் ஏறக்குறைய ஒரு மைல் சுரங்கம் தோண்டினார்கள். 1925-ல் ஹில் தெருவில் அதற்கென்று இரண்டாவது முனையம் திறந்தது, சப்வே டெர்மினல் கட்டடம். பக்கத்திலிருக்கும் பில்ட்மோர் ஹோட்டலைக் கட்டிய ஷுல்ட்ஸ் அண்டு வீவர் நிறுவனத்தின் வேலை. நிலத்துக்கு அடியில் பிளாட்பாரம், மேலே ஆபீஸ். தெரு நெரிசலில் சிக்காமல் நேரே ஊருக்கு நடுவில் வந்து இறங்கலாம். இப்படி ஒன்று தெற்குக்கும் கிழக்குக்கும் கிடைத்திருந்தால்?

கிடைத்திருக்கலாம். ஆறாவது தெரு மேம்பாலத்தை நீட்டி ரயில்களை எல்லாம் உயரத்தில் கொண்டுவருவதா, அல்லது எல்லாக் கம்பெனிகளுக்கும் பொதுவாக ஒரு பெரிய யூனியன் ஸ்டேஷன் கட்டுவதா என்று 1926-ல் ஊர் மக்களிடம் ஓட்டு கேட்டார்கள். மக்கள் யூனியன் ஸ்டேஷனைத் தேர்ந்தெடுத்தார்கள். தெருவுக்கு மேல் இரும்புப் பாலம் போனால் வெளிச்சம் போகும், சத்தம் வரும் என்ற பிரச்சாரம் பலித்தது. யூனியன் ஸ்டேஷன் 1939-ல் பழைய சைனாடவுனை இடித்த இடத்தில் வந்தது. அழகான கட்டடம், எனக்கும் பிடிக்கும். ஆனால் அது நீண்ட தூர ரயிலுக்காக வந்தது. தினமும் வேலைக்குப் போய்வரும் ஆர்ட்டீசியாக்காரனின் வண்டி தெருவிலேயே மாட்டிக்கொண்டது.

போர்க் காலத்தில் பெட்ரோலுக்கும் டயருக்கும் ரேஷன். கூட்டம் மறுபடி வந்தது. போர் முடிந்ததும் எல்லாம் சரசரவென்று சரிந்தது. ஃப்ரீவே கட்டத் தொடங்கினார்கள். ஃப்ரீவே நடுவில் ரயிலை வைக்க முடியாது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். கவெங்கா கணவாயில் 1940-லேயே ஃப்ரீவே நடுவில் சிவப்பு வண்டி ஓடிக்கொண்டிருந்தது. 1952-ல் அதை எடுத்துவிட்டார்கள். பாசடீனா வண்டிகள் 1950, 51-ல் போயின. நம் சான்டா ஆனா பாதையை 1950-ல் பெல்ஃப்ளவரோடு வெட்டினார்கள். அதோடு ஆர்ட்டீசியாவுக்குப் பயணி வண்டி நின்றது. மிச்சமிருந்த பெல்ஃப்ளவர் துண்டும் 1958-ல் போனது. 1953-ல் பயணிகள் சேவை முழுவதையும் ஒரு பஸ் கம்பெனிக்கு விற்றிருந்தார்கள். ரயிலை எடுத்துவிட்டு பஸ் விடுவதுதான் அவர்கள் திட்டம். அதே 1953-ல்தான் மதராஸிலும் டிராம் நின்றது. அம்மாவுக்கு அதைச் சொன்னபோது "எல்லா ஊர்லயும் ஒரே புத்திதானா அப்போ?" என்றாள்.

ஹில் தெரு சுரங்கத்தின் கடைசி வண்டி 1955 ஜூன் 19-ந்தேதி போனது. ஒரு மைல் சுரங்கம், முப்பது வருஷம்கூட முழுசாக ஓடவில்லை. ஆறாவது தெரு முனையத்துக்கு இன்னும் ஆறு வருஷம் ஆயுள் இருந்தது. முதலில் வந்த லாங் பீச் பாதைதான் கடைசியாகவும் போனது. 1961 ஏப்ரலில் அதன் கடைசி வண்டி நின்றதும் முனையத்தில் ரயில் என்பது முடிந்தது.

இங்கே ஒன்றைத் தெளிவுபடுத்தியாக வேண்டும், நம் நண்பர்கள் வட்டத்தில் இது அடிக்கடி வரும். ஜெனரல் மோட்டார்ஸும் டயர் கம்பெனியும் எண்ணெய்க் கம்பெனியும் சேர்ந்து சதி செய்து ரயிலைக் கொன்றார்கள் என்பார்கள். அந்தக் கம்பெனிகளின் பணம் பின்னால் இருந்த நேஷனல் சிட்டி லைன்ஸ் 1945-ல் லாஸ் ஏஞ்சலஸில் வாங்கியது மஞ்சள் டிராம் கம்பெனியை. பஸ்ஸும் டயரும் எண்ணெயும் விற்பதில் ஏகபோகம் செய்யச் சதி செய்தார்கள் என்று 1949-ல் கோர்ட்டில் தண்டனையும் ஆனது. அதெல்லாம் உண்மை. ஆனால் சிவப்பு வண்டி 1953 வரை சதர்ன் பசிஃபிக்கின் சொத்து. அதை வெளியார் வந்து கொல்லவில்லை. முதலாளிக்கு அது நஷ்டக் கணக்கு, நகரத்துக்கு அது தெருவில் இடைஞ்சல், மாநிலத்துக்கு ஃப்ரீவே முக்கியம். பொதுச் சொத்தாக எடுத்து, தனிப்பாதை போட்டுக் காப்பாற்றக் கேட்க, அந்த ரயிலையே நம்பியிருந்தவர்களுக்குப் பலமான குரல் இல்லை. சதிக் கதை சொன்னால் குற்றவாளி கிடைத்துவிடுவான், நமக்கு வேலை இல்லை. அதனால்தான் அந்தக் கதை எனக்குப் பிடிக்கவில்லை.

இப்போது வரப்போகும் ரயில். லாஸ் ஏஞ்சலஸ் கவுண்டியின் போக்குவரத்து நிறுவனமான மெட்ரோ இதற்கு சவுத்ஈஸ்ட் கேட்வே லைன் என்று பெயர் வைத்திருக்கிறது. முதல் கட்டம் 14.5 மைல். பாராமவுண்டுக்கு இந்தப் பக்கம் பழைய பசிஃபிக் எலெக்ட்ரிக் நிலத்திலேயே, அதே கோணல் பட்டையிலேயே வந்து, ஆர்ட்டீசியாவில் முடியும். கடைசி ஸ்டேஷனின் பெயரே பயனியர். அம்மா பார்த்துக்கொண்டு நின்ற இடத்தில் ரயில் வந்து நிற்கும். இதைப் படித்த அன்றைக்கு எனக்கு இருந்த சந்தோஷத்தைச் சொல்லி மாளாது.

ஆனால் வடக்கு முனையைப் பாருங்கள். முதல் கட்டம் டவுன்டவுனுக்குப் போகாது. ஸ்லாஸனில் நின்றுவிடும். அங்கே இறங்கி மெட்ரோவின் இன்னொரு ரயில் பாதையான ஏ லைனுக்கு மாற வேண்டும். ஏ லைன் 1990-ல் பழைய லாங் பீச் சிவப்பு வண்டிப் பாதையிலேயே போட்டது; ஊருக்கு வெளியே விர்ரென்று வரும். டவுன்டவுன் நெருங்கியதும் வாஷிங்டன் புலேவார்டில் தெருவோடு தெருவாக இறங்கி, சிக்னல்களைக் கடந்து, ஃப்ளவர் தெருவில் திரும்பி, அதற்கப்புறம்தான் நிலத்துக்கு அடியில் போகும். அதாவது 1916-ல் பாதி தீர்த்த நோய், அதே திசையில், இன்னும் பாதி இருக்கிறது. நேரே லிட்டில் டோக்கியோ பக்கமாக யூனியன் ஸ்டேஷன் வரை போகும் பகுதி இரண்டாம் கட்டம். பணம் வரும்போது என்று வைத்திருக்கிறார்கள்.

இரண்டாம் கட்டம் என்ற வார்த்தையின் அர்த்தம் நம் எல்லோருக்கும் தெரியும். ஊரில் எத்தனை மேம்பாலம் பாதியில் நிற்பதைப் பார்த்திருக்கிறோம்?

நான் போக்குவரத்து படித்தவள் இல்லை. ஆனாலும் இந்தக் கதையைத் தேடிப் படித்தபின், அம்மாவை அழைத்துக்கொண்டு ஒரு நாள் இப்போதைய வழியிலேயே அந்த மூலைக்குப் போய்ப் பார்த்துவிடுவது என்று கிளம்பினோம். நார்வாக் ஸ்டேஷனில் காரைப் போட்டுவிட்டு சி லைன், வில்லோபுரூக்கில் மாறி ஏ லைன். வாட்ஸ் தாண்டும்போது ஜன்னல் பக்கம் அம்மாவுக்குப் பழைய மர ஸ்டேஷனைக் காட்டினேன். 1904-ல் கட்டியது. 1965 கலவரத்தில் சுற்றிலும் எரிந்தபோதும் அது தப்பியது. நம் சான்டா ஆனா வண்டி பிரிந்த சந்திப்பு அதுதான். வாஷிங்டன் புலேவார்டில் வண்டி சிக்னலுக்கு நின்றது. அம்மா வெளியே எட்டிப் பார்த்து, "ரயில் போய் சிக்னலுக்கு நிக்குமா? கார்தானே நிக்கணும்?" என்றாள். தாம்பரத்துக்காரிக்கு அது விளங்கவே இல்லை.

செவன்த் தெருவில் மாறி, பெர்ஷிங் ஸ்கொயரில் ஏறி வெளியே வந்தால் ஹில் தெரு. அங்கே 417-ம் எண். சப்வே டெர்மினல் கட்டடம் இன்றைக்கு அடுக்குமாடிக் குடியிருப்பு. 1977-லேயே நகரத்தின் வரலாற்றுச் சின்னமாக அறிவித்துவிட்டார்கள், அதனால் முகப்பு பிழைத்தது. கீழே பிளாட்பாரம் இருந்த இடம் இருட்டில் கிடக்கிறது. பழைய சுரங்கமோ வழியிலேயே அடைபட்டது. அந்தப் பக்கம் 1960-களில் ஒரு பகுதியை மண் போட்டு நிரப்பிவிட்டார்கள். எங்கள் காலுக்குக் கீழே 1993-ல் திறந்த புதுச் சுரங்கத்தில் ரயில் ஓடிக்கொண்டிருந்தது. பக்கத்திலேயே பழையது அடைத்துக் கிடக்க, புதிதாக ஒன்று தோண்டியிருக்கிறார்கள்.

அங்கிருந்து ஆறாவது தெருவோடு கிழக்கே நடந்தோம். பிராட்வே, ஸ்பிரிங், அப்புறம் மெயின். அம்மாவுக்கு முட்டி வலி, இரண்டு இடத்தில் நின்றோம். மூலைக்கு வந்ததும் நிமிர்ந்து பார்த்தாள். கனத்த கட்டடம், அகலமாக, தெருவை அடைத்துக்கொண்டு நிற்கிறது. 2005-ல் இதையும் குடியிருப்பாக மாற்றிவிட்டார்கள். மேலே ஒரு ஜன்னலில் யாரோ துண்டு காயப்போட்டிருந்தார்கள். அம்மா மேலே பார்க்கவில்லை. நடைபாதையில் நின்று, தரைத்தளத்தைக் கண்ணால் அளந்து, "இந்த வழியாத்தான் உள்ளே திரும்பியிருக்கும், இல்ல?" என்று கையால் வளைத்துக் காட்டினாள். தெருவில் தண்டவாளம் இல்லை. கை மட்டும் சரியாக வளைந்தது.

அதனால் உங்களிடம் இரண்டு விஷயம் கேட்கிறேன். முதலாவது, பயனியர் ஸ்டேஷன் விஷயமாக மெட்ரோ கூட்டம் போடும்போது வாருங்கள். நம் ஆட்கள் அங்கே அதிகம் வருவதில்லை. கடைக்காரர்கள் பார்க்கிங் போய்விடுமோ என்று கவலைப்பட்டுப் பேசுகிறார்கள், அது நியாயமான கவலை. கட்டுமான வருஷங்களில் சின்னக் கடைகள் நொடித்துப்போகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று நாமும் அவர்களோடு சேர்ந்து கேட்போம். கூடவே யூனியன் ஸ்டேஷன் வரையான இரண்டாம் கட்டத்தைக் கிடப்பில் போடக் கூடாது என்பதையும் ஒவ்வொரு கூட்டத்திலும் சொல்வோம். இயக்குநர் குழுவின் மாதக் கூட்டத்தில் பொதுமக்கள் யாரும் பேசலாம். பேசக் கூச்சமாக இருந்தால் எழுதி அனுப்பலாம். மொழிபெயர்ப்பு உதவி வேண்டுமானால் முன்கூட்டியே சொல்லிக் கேட்கலாம். பெரியவர்களைத் தமிழிலேயே பேசச் சொல்லுங்கள். காரை ஓட்டத் தெரியாமல், பிள்ளைகள் வேலையிலிருந்து வரும்வரை வீட்டுக்குள் அடைந்து கிடப்பவர்கள் அவர்கள்தான். இந்த ரயில் வேறு யாரையும்விட அவர்களுக்குத்தான் முதலில் வேண்டும்.

இரண்டாவது, ஸ்டேஷன்களில் ஓவியமும் சிற்பமும் வைக்க மெட்ரோவில் தனிப் பிரிவே இருக்கிறது. பயனியர் ஸ்டேஷனில் பழைய சிவப்பு வண்டியின் கதை இருக்க வேண்டும் என்று கேட்போம். மாட்டுப் பண்ணைக் காலத்து ஆர்ட்டீசியாவிலிருந்து ஏறியவர்கள், மெயின் தெருவில் கடப்பாரையைப் பிடுங்கிய பெண்கள், ஆறாவது தெரு முனையம், எல்லாம். வார இறுதித் தமிழ் வகுப்பு நடத்தும் ஆசிரியர்களே, நம் பிள்ளைகளுக்குச் சொந்த ஊர் என்பது இந்த ஊர்தான். இந்தக் கதையைத் தமிழில் ஒரு பாடமாக எழுதித் தர எனக்கு விருப்பம். வகுப்பில் இடம் கொடுத்தால் போதும்.

அம்மா இந்த வசந்த காலத்தில் மறுபடி வருகிறாள். அவள் வந்த முதல் சனிக்கிழமை அதே வழியில் மறுபடி போகிறோம். வர விரும்புகிறவர்கள் காலை ஒன்பது மணிக்கு நார்வாக் ஸ்டேஷன் பார்க்கிங்கில் நில்லுங்கள், மெட்ரோவில் கட்டணம் செலுத்தும் டாப் கார்டில் பணம் போட்டு எடுத்து வாருங்கள். நடக்க முடிந்த தாத்தா பாட்டிகளைக் கட்டாயம் அழைத்து வாருங்கள். ஆறாவது தெரு மூலையில் உட்கார இடம் கிடையாது. இரண்டு மடக்கு நாற்காலி நான் கொண்டு வருகிறேன். புளியோதரையும் தயிர்சாதமும் எங்கள் வீட்டிலிருந்து.

அன்புடன்,
உங்களில் ஒருத்தி,
செரிட்டோஸ்